குடும்பத்தோடு ஊட்டி மலை ரயில்: டிக்கெட் எடுப்பதில் தொடங்கி மலை இறங்குவது வரை

ஊட்டிக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றால் மலை ரயிலில் ஏறாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் பேருந்து பிடித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கலாம். ரயில் அந்த 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முதல் தடவை போனபோது இது எனக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஊட்டி, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டுக்குத் தாவரவியல் பூங்கா, நாலு மணிக்குப் படகு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் இருவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப் போனார்கள். அம்மா, “எனக்குக் காலை நீட்டினால் போதும்டா” என்று படுத்துவிட்டார். படகும் இல்லை, பூங்காவும் இல்லை. ஆனால் வீட்டில் இன்றைக்கும் பேச்சு வருவது அந்த ரயிலைப் பற்றித்தான்.

அதனால் ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: ரயில் ஏறும் நாளில் வேறு எந்த வேலையும் வேண்டாம். அன்றைக்குச் சுற்றுலா என்பதே ரயில்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

எந்த விடுமுறையில் போவது

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று வாய்ப்புகள்தான்: கோடை, பொங்கல், அரையாண்டு விடுமுறை.

கோடைதான் எல்லோரும் போகும் காலம். மே மாதத்தில் ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும். கூட்டம் நெரியும், ரயில் டிக்கெட் குதிரைக் கொம்பு. ஆனால் மேகம் மறைக்காத மலையைப் பார்க்கலாம். ரயில் ரத்தாகும் பயமும் குறைவு.

டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு விடுமுறையை நான் நம்புவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து தண்டவாளத்தை மூடுவதும் நாள்கணக்கில் ரயிலை நிறுத்துவதும் வழக்கமாக நடப்பதுதான். ரயிலே ரத்தானால் பணம் முழுதாகத் திரும்பி வந்துவிடும். நாலு வயதுப் பையனின் ஏமாற்றத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்தச் சமயத்தில்தான் போக முடியும் என்றால், ரயில் இல்லாவிட்டாலும் பேருந்தில் போவோம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எனக்குப் பிடித்தது பொங்கல் விடுமுறை. மழை ஓய்ந்து மலை கழுவி விட்டதுபோல் இருக்கும். குளிர் மட்டும் கடுமை. ஊட்டியில் உறைபனி விழும் மாதம் அது.

எங்கிருந்து ஏறுவது

பலர் தெரியாமல் செய்யும் தவறு இது. மலை ரயில் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டியில் இறங்குவது என்று மட்டுமே நினைத்து, டிக்கெட் கிடைக்கவில்லை என்றதும் ஆசையையே விட்டுவிடுகிறார்கள்.

பாதையில் இரண்டு பகுதிகள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின், காடு, குகைகள், பல்சக்கரத்தில் ஏறும் செங்குத்தான பாதை. முழுப் பயணத்துக்கு நாளுக்கு ஒரு வழக்கமான ரயில்தான், காலை 7.10 மணிக்குப் புறப்படுவது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை ஏறக்குறைய 19 கிலோமீட்டர். இதை டீசல் எஞ்சின் இழுத்துப் போகும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இந்தப் பகுதியில் ஒரு நாளைக்குப் பல நடை ஓடுகிறது.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், அல்லது முட்டி வலியுள்ள தாத்தா பாட்டி கூட வந்தால், குன்னூர்–ஊட்டி போதும் என்பது என் கருத்து. ஒரு காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. நிலையத்தில் நிற்கும்போதுதான் போக முடியும். அண்மையில்தான் டயப்பரை விட்ட குழந்தையோடு ஐந்து மணி நேரம் என்பதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு வயதுக்கு மேலே என்றால் மேட்டுப்பாளையத்தில்தான் ஏற வேண்டும். அந்த வயதுக்குத்தான் அந்த எஞ்சின்.

டிக்கெட்

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 10 அன்று பயணம் என்றால் மார்ச் 11 காலையில் உட்கார வேண்டும்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஊட்டி நிலையத்தின் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர். குன்னூருக்கு ஏன் ஓ.என்.ஆர். என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அவசரத்தில் தேடும்போது இது தெரிந்திருந்தால் இரண்டு நிமிடம் மிச்சம், மே மாத டிக்கெட்டுக்கு இரண்டு நிமிடம் பெரிய விஷயம். பயணிகளின் பெயர், வயது விவரங்களை முந்தைய நாளே கணக்கில் சேர்த்து வைத்துவிடுங்கள்.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? முதல் வகுப்புக்கு ஏறக்குறைய இரட்டைக் கட்டணம். மெத்தை இருக்கை, நெருக்கடி குறைவு. இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சு, எதிரில் இருப்பவர் முட்டியில் நம் முட்டி இடிக்கும். ஆனால் அப்படி இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்தான் ஒரு பெரிய குடும்பம் எங்களுக்குப் பழக்கமானது. அவர்கள் கொண்டுவந்த தட்டை முறுக்கில் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போனது. பெரியவர்கள் கூட வந்தால் முதல் வகுப்பு, இல்லையென்றால் இரண்டாம் வகுப்பே போதும்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம் என்றால் டிக்கெட் தேவையில்லை. மடியில்தான் உட்கார வேண்டும். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைக்கு இருக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இருக்கை எடுத்துவிடுங்கள். மடியில் ஐந்து மணி நேரம் என்பது உங்களுக்கும் தண்டனை, பிள்ளைக்கும் தண்டனை.

வெயிட்டிங் லிஸ்ட்டில் டிக்கெட் வந்தால் என்ன செய்வது? ஆன்லைனில் எடுத்தது சார்ட் தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாது. அப்புறம் இருக்கும் வழிகள் இவை:

கோடைக்கும் பண்டிகை விடுமுறைகளுக்கும் ரயில்வே சிறப்பு மலை ரயில்களை அறிவிப்பது உண்டு. கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல், ஆனால் இடம் கிடைக்கும். மார்ச் கடைசியிலிருந்து செய்தித்தாளில் சேலம் கோட்டத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

முன்பதிவில்லாத இருக்கைகளும் கொஞ்சம் உண்டு. விடியற்காலையிலேயே மேட்டுப்பாளையம் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கல்லூரிப் பையன்களுக்கு இது சரி. குடும்பத்தோடு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

மிச்சமிருப்பது நான் முன்னால் சொன்ன வழி. பேருந்தில் குன்னூர் வரை போய், அங்கே ஊட்டி ரயிலில் ஏறுங்கள். மனத்தாங்கல் இல்லாமல் போங்கள், அதுவும் நல்ல பயணம்தான்.

முந்தைய இரவு

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு கிளம்பி விடியலில், மலை ரயில் புறப்படுவதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து விடும். வசதிதான். ஆனால் இரவு முழுக்கப் பெர்த்தில் புரண்ட பிள்ளை காலை ஏழு மணிக்கு எந்த மனநிலையில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் முந்தைய நாளே வந்து மேட்டுப்பாளையத்தில் தங்குவது நல்லது. மதுரை, திருச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கோவையில் தங்கினாலும் தூரம் 40 கிலோமீட்டருக்குள்தான், விடியற்காலையில் பேருந்து கிடைக்கும்.

நிலையத்துக்கு ஆறு, ஆறேகாலுக்குள் போய்விடுங்கள். தாமதமாகிவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எஞ்சினைப் பார்க்க வேண்டுமே! ஓடும்போது அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவ்வளவு முன்னால் போனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம், உஸ்ஸ் என்று ஆவி விடும்போது பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளலாம். கழிப்பறை வேலையையும் இங்கேயே முடித்துவிடுங்கள். “வரலை” என்று சொல்லும் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அசல் அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய பெட்டி வேண்டாம். சாமான் வைக்க இடம் குறைவு. நாங்கள் சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுபோய், வழியெல்லாம் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு போனோம். தோளில் மாட்டும் பை இரண்டு, மூன்று போதும்.

ஸ்வெட்டரும் குல்லாவும் பையின் மேலேயே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர். வியர்க்க வியர்க்க ஏறி, குன்னூர் வரும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளை உடை வேண்டாம், குகைக்குள் எஞ்சின் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடையில் வாங்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமோ, பொடி தடவிய இட்லியோ போதும். குழம்பு ஊற்றிப் பிசையும் சங்கதி எதுவும் அந்த ஆட்டத்தில் சரிப்படாது.

அப்புறம் ஒரு பென்சில், ஒரு சின்ன நோட்டு. எதற்கென்று சொல்கிறேன்.

ஏறிய பிறகு

முதல் ஏழெட்டு கிலோமீட்டர் சமவெளி. பாக்குத் தோப்பும் பவானி ஆற்றுப் பாலமும் வரும். பெரியவர்கள், “இவ்வளவுதானா?” என்பார்கள். கல்லாறு வரட்டும் என்று சொல்லுங்கள்.

கல்லாறு தாண்டியதும் ரயில் ஒரு கணம் தயங்கினாற்போல வேகம் குறையும். பிறகு அடியில் ஏதோ கவ்வும். பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தடக் தடக் மாறி, இரும்பை இரும்பு கடிப்பதுபோல ஒரு கடகடப்பு கால் வழியாக ஏறி வரும். தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களில் மாட்டி மாட்டித்தான் மேலே ஏறுகிறது. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி தள்ளி வைத்திருப்பார்கள், அதனால் எந்தக் கணத்திலும் பிடி விடாது. சைக்கிள் செயினைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான்.

ஏன் இந்தப் பாடு என்றால், மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் வழுக்கிவிடும். இந்தப் பாதைக்கான யோசனை 1854இல் வந்தது, வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரை 1899இல் ரயில் ஓடியது, ஊட்டியை எட்டியது 1908இல். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005இல்.

எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது என்றேன் அல்லவா? ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர், பிரேக்ஸ்மேன், ஒருவர் நிற்பார். முன்னால் நிற்பவர் கொடி காட்ட, அது பெட்டி பெட்டியாகப் பின்னால் போய் ஓட்டுநரை எட்டும். என் மகள் அன்றைக்குப் பார்த்ததிலேயே இதில்தான் சொக்கிப் போனாள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம் துப்பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கொடி காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நோட்டை எடுங்கள். பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பாலத்தை எண்ணுவது நடக்காத காரியம், குகையை எண்ணலாம். ஒரு குகைக்கு ஒரு கோடு. இருட்டானதும் ரயில் முழுக்கக் கத்தும், உங்கள் பிள்ளையும் கத்தட்டும், அன்றைக்கு அதற்குத் தடையில்லை. எங்கள் நோட்டில் 14தான் வந்தது. இரண்டு குகைகளின்போது தான் தூங்கிவிட்டதாக மகன் சொல்ல, இல்லை, அக்கா கோடு போட மறந்துவிட்டாள் என்று அம்மா பேரனுக்குப் பரிந்து பேச, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: கை, தலை எதுவும் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது. குகைச் சுவரும் பாறையும் பெட்டிக்கு மிக அருகில் வரும். செல்போனை நீட்டிப் படம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். ஹில்குரோவ் நிலையத்தில் நிற்கும்போது இறங்கிக் காலை நீட்டலாம், டீயும் வடையும் கிடைக்கும். பிளாட்பாரத்தில் உங்களுக்கு முன்னாலேயே காத்திருப்பவை குரங்குகள். அவை கெஞ்சாது, பறிக்கும். என் மகன் வடையை ஒரு கடி கடித்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டான், அவ்வளவுதான். அழுகை குன்னூர் வரை நீடித்தது. சாப்பிடுவதைப் பெட்டிக்குள், ஜன்னலை மூடிவிட்டுச் சாப்பிடுங்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். கழிப்பறை தேவைப்படுபவர்கள் இறங்கியதும் முதலில் அங்கே போங்கள், டீ அப்புறம். ஓட்டுநர் விசில் கொடுத்தால் ஏறிவிட வேண்டும்.

ஹில்குரோவுக்கும் குன்னூருக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு சலிப்பு வரும். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், காடும் பள்ளத்தாக்கும் பழகியிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நான் வைத்திருக்கும் நேரம் அது.

குன்னூரிலிருந்து ஊட்டி

குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்று டீசல் எஞ்சின் மாட்டும். கொஞ்ச நேரம் நிற்கும் என்பதால் இறங்கிப் பார்க்கலாம். பிறகு வருவது வேறு உலகம். காடு போய்த் தேயிலைச் சரிவும் கேத்தி பள்ளத்தாக்கும், அதில் தீப்பெட்டி அடுக்கியதுபோல வீடுகளும் வரும். பெரியவர்கள் இதைத்தான் ரசிப்பார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம்.

நண்பகலை ஒட்டி ஊட்டி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது. நேராக அறைக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். பூங்காவும் ஏரியும் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

இறங்குவது

திரும்பும்போதும் ரயிலா என்று கேட்பார்கள். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும் ரயில் இருக்கிறது. அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை போகவும் முடியும். ஏறும் டிக்கெட் கிடைக்காமல் இறங்கும் டிக்கெட் மட்டும் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், பார்ப்பது அதே மலைதான். இரண்டும் கிடைத்தால் ஏறுவதை ரயிலிலும் இறங்குவதைப் பேருந்திலும் வைத்துக்கொள்ளுங்கள். அதே வழியில் இரண்டாம் தடவை பிள்ளைகளுக்கு அந்தப் பிரமிப்பு இருக்காது.

பேருந்து என்றால் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் வயிறு முட்டச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள், முன்பக்கச் சீட் பிடியுங்கள். கோட்டகிரி வழியாக இறங்கும் சாலையும் உண்டு. சீசன் நாள்களில் காவல்துறையினர் வண்டிகளை ஒருவழிப் பாதையாக அந்தப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. சொந்தக் காரில் மலை ஏறுபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் தொடங்கிய முறை இது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகும் குடும்பத்துக்கு அந்த வேலை இல்லை.

நாங்கள் பேருந்தில்தான் இறங்கினோம். பர்லியாறு பக்கம் எங்கிருந்தோ விசில் கேட்டது. பேருந்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். மரங்களுக்கு மேலே ஒரு கோடு புகை தெரிந்தது, ரயில் தெரியவில்லை. என் மகள் மட்டும் துப்பட்டாவை எடுத்து ஜன்னலுக்கு உள்ளேயே வைத்து ஆட்டினாள்.